மாமனார் முகத்தில் பழகியது

முகத்தை வெந்நீரில் ஊறவைக்காமல் சவரம் செய்துகொள்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பல் துலக்கிய கையோடு குழாயடியில் நின்று, ட்யூபைப் பிதுக்கி, கன்னத்துக்கு வெள்ளையடித்து, வறட்டு வறட்டென்று நாலு இழுப்பு இழுத்து, எரிகிற மூஞ்சியில் துண்டை அழுத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். உள்ளே வரும்போது பார்த்தேன். வாசலில் நிற்கிற உங்கள் ஏட்டய்யாவும் அந்த ஜாதிதான். தாடையோரம் பாதியை அறுவடைக்கு விட்டு வைத்திருக்கிறார்.

மன்னிக்க வேண்டும் மேடம், நான் அதைச் சொல்ல வரவில்லை. என் மாமனார் அர்ச்சுனன் இறந்தது பற்றி உங்களிடம் ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. காரியமெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தேன். நேற்றுதான் கருமாதி முடிந்தது. விபத்து என்று எழுதி நீங்கள் கோப்பை மூடிவிட்டீர்கள் என்பதும் தெரியும். வீட்டிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மனைவி கலைமதி சோறு போட்டுவிட்டு, நான் சாப்பிடுகிறேனா என்று எதிரே உட்கார்ந்து பார்க்கிறாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் என்னை இப்படிப் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் மிச்சக் காலத்தை மகாராஜாவாகக் கழிக்கலாம். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறேன். துக்கத்தில் உளறுகிறான் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட வேண்டாம்.

என் பெயர் மாதவராஜ். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் தரம் பார்க்கிற வேலை. ஆலை பக்கம் என்பதாலும், மாமனாருக்கு ஆண் வாரிசு இல்லை என்பதாலும் மனைவியின் வீட்டிலேயே குடியிருக்கிறேன். அதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. என் பிரச்சினை வேறு. இந்தப் பக்கத்தில் எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை. ரோடு போடுகிறவனுக்கும் இல்லை, சுவர் பூசுகிறவனுக்கும் இல்லை. ஏன் இப்படி என்று கேட்டால், "நடக்குதில்ல சார், உடுங்க" என்பார்கள். அழுகல் பழத்தைப் பொறுக்கி எடுத்து வீசுகிற எனக்கு அவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

மாம்பழப் பருவம் முடிந்தால் ஆலையில் எங்களுக்குப் பெரிதாக வேலை இருக்காது. அப்படி ஓர் ஆடி மாதத்தில், கைபேசியில் எதையோ தேடப்போய் அந்தச் சவரத்தைப் பார்த்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் மேல்கோட்டு போட்டுக்கொண்டு, கிண்ணத்தில் சோப்பைப் பிரஷ்ஷால் நிதானமாகச் சுழற்றிக்கொண்டிருந்தார். முதலில் வெந்நீர்த் துண்டு. பிறகு நுரை. பிறகு மயிர் சாய்ந்திருக்கிற போக்கிலேயே ஒரு முறை. மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒரு முறை. கடைசியாக மயிரை எதிர்த்துக் கீழிருந்து மேலே ஒரு முறை. அவசரமே கிடையாது. ஒரு மனிதன் தன் வேலையை மதித்துச் செய்வதை அன்றிரவு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிரஷ், சோப்பு, கிண்ணம், ஒற்றை பிளேடு போடுகிற கனமான ரேசர் என்று ஒவ்வொன்றாக வரவழைத்தேன். பார்க்க எளிது மேடம், செய்தால்தான் தெரியும். முதல் வாரம் முழுக்க நுரை எழவே இல்லை. நம் ஊர்த் தண்ணீர் அப்படி, உப்பு. குடிக்கிற கேன் தண்ணீரைச் சூடாக்கிப் போட்டதும் தயிர் மாதிரி திரண்டு வந்தது. அடுத்தது கை. எல்லோரும் கத்தியை அழுத்துகிறார்கள். அழுத்தவே கூடாது, அதன் கனத்திலேயே அது போக வேண்டும். சாய்வு சரியாக இருந்தால் ஒரு சத்தம் வரும், காய்ந்த இலையை விரலால் நீவுவது போல. சத்தம் வராவிட்டால் நீங்கள் தோலைச் சுரண்டுகிறீர்கள் என்று அர்த்தம். முடித்ததும் படிகாரக் கல்லை ஈரமாக்கித் தடவ வேண்டும். எங்கெங்கே தப்பு செய்தோமோ அங்கெல்லாம் எரியும். படிகாரத்துக்கு முகதாட்சண்யம் கிடையாது. இந்த ஊரில் எனக்கு உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான்.

என் முகம் நிறைய அறுபட்டது. ஆலையில் சிரித்தார்கள். "சார், பூனை வளர்க்கறீங்களா?" என்று ஒருவன் கேட்டான். வருஷம் திரும்புவதற்குள் படிகாரம் எனக்கு எரிவது நின்றுவிட்டது. அப்போதுதான் மடக்குக் கத்தி வாங்கினேன், தோல் வாரில் தீட்டிப் பயன்படுத்துகிற பழைய மாதிரிக் கத்தி. வீட்டு முற்றத்தில் கண்ணாடியை மாட்டி அதைப் பழகிக்கொண்டிருந்தபோது, மாமனார் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பார்த்தார்.

"ஏன் மாப்ள, மூஞ்சி வழிக்கிறதுக்கு இம்புட்டு சாமான் செட்டா? பந்தல் எங்க போட்டுக்கீது, மேளம் எப்ப வருது?" என்றார்.

கலைமதி சிரித்தாள். மாமியார் காசியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. யார் யார் சிரித்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள், என்ன புடவை கட்டியிருந்தார்கள் என்பது மட்டும் இன்னும் நினைவிருக்கிறது.

அவர் சவரம் செய்துகொள்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். சந்தை நாளன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரிமங்கலம் போய், மாதேஷ் என்கிறவனின் சலூனில் உட்காருவார். அவன் மூஞ்சியில் தண்ணீரைப் பீய்ச்சி, பாதி பிளேடை ஒடித்துச் செருகி, தேங்காய் துருவுகிற வேகத்தில் துருவிவிடுவான். சவரம் கொஞ்ச நேரம், பேச்சு மத்தியானம் வரை. தக்காளி விலை, தேர்தல், எவன் பெண்டாட்டி எவனோடு சண்டை. கழுத்தடியில் மயிர் அப்படியே இருக்க, ஏதோ ராஜ்ஜியத்தை ஜெயித்தவர் மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டு திரும்பி வருவார்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். இதைச் சாப்பிடுகிறவருக்குச் சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் சீக்கிரம் நிற்காது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். கலைமதிக்கு அது காதில் சரியாக விழவில்லை, அழுதுகொண்டிருந்தாள். நான்தான் பிறகு அவளுக்கு விளக்கிச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தாடி வளர்ந்திருந்தது. விஷயம் கேள்விப்பட்டு மாதேஷ் கேட்டடிக்கு வந்தான்.

"சார், பெரியவருக்கு நான் வூட்டுக்கே வந்து செஞ்சிட்டுப் போறங்க. நம்ம ஆளுங்க அவரு. எனக்கும் பாத்தாப்புல இருக்கும்."

"வேண்டாம்பா. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினேன். அதற்கப்புறமும் ஒன்றிரண்டு தடவை வந்தான். தூங்குகிறார் என்று சொல்லி அனுப்பினேன்.

இதில் உங்களுக்கு ஒன்று புரிய வேண்டும். சொந்த முகத்தில் எவ்வளவு பழகினாலும் அது முழு வித்தை ஆகாது. கத்தி தப்பாகப் போகிறது என்றால் நம் தோல் நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அடுத்தவர் முகத்தில்தான் கையை மட்டும் நம்பி வேலை செய்ய முடியும். அதுவும் மாமனார் முகம் சாதாரண முகம் இல்லை. கடைவாய்ப் பற்கள் போய்க் கன்னம் குழிந்திருந்தது. ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது. கழுத்தில் மயிர் சுழித்துச் சுழித்து நாலு திசையிலும் போனது. பழகுவதற்கு இப்படி ஒரு முகம் கிடைப்பது அபூர்வம். நான் அதை வீணாக்கவில்லை.

தினமும் காலையில் செய்தேன். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, வெந்நீர்த் துண்டு போட்டு, நுரை குழைத்து, எல்லாம் முறைப்படி. அவருடைய இடது கை நன்றாக இருந்தது. அது சும்மா இருக்காமல் என் மணிக்கட்டைப் பிடித்தது. கத்தி இருக்கிற இடத்தில் அது ஆபத்து. அதனால் துண்டால் கட்டில் சட்டத்தோடு கட்டிவைத்தேன். இறுக்கமாக இல்லை. முடித்ததும் அவிழ்த்துவிடுவேன். அந்த நேரத்தில் பெண்கள் சமையலறையில் இருப்பார்கள், சோப்பு வாசனையும் வெந்நீர் ஆவியுமாக அறை இருக்கும், கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஆரம்பத்தில் காயம் பட்டது, இல்லை என்று சொல்லவில்லை. டாக்டர் சொன்னது சரிதான், ரத்தம் லேசில் நிற்கவில்லை. படிகாரத்தை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஓரத்தில் நீர் வடியும். வெந்நீர்த் துண்டு போட்டால் அப்படி வடியும். கலைமதி கேட்டால் பரு உடைந்துவிட்டது என்று சொல்வேன். அந்த வயதில் பரு எப்படி வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இந்த வீட்டுப் பெண்களின் கவனம் அவ்வளவுதான். ஒருமுறை அவளாகவே, காயம் படாது என்று மின்சாரத்தில் ஓடுகிற ட்ரிம்மர் ஒன்று வாங்கி வந்தாள். அது வாளித் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போனது. விழும்போது நான்தான் வைத்திருந்தேன்.

மீசை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பழகுகிறவனுக்கு மேலுதடுதான் கடைசிப் பரீட்சை. மூக்கைத் தூக்கிப் பிடித்து, இம்மி இடத்தில் கத்தியைத் திருப்ப வேண்டும். மீசை இருந்தால் அதைப் பழகவே முடியாது. ஒருநாள் எடுத்துவிட்டேன். மாமியார் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மாப்ள இது, ஆத்தா அப்பன் செத்தவனாட்டம் ஆக்கிப்புட்டீங்களே."

எங்கள் பக்கத்தில் பெற்றவர்கள் செத்தால்தான் ஆண்பிள்ளை மீசையை எடுப்பான், உங்களுக்குத் தெரிந்திருக்கும். கஞ்சி ஒட்டிக்கொண்டு நாற்றம் அடிக்கிறது அத்தை, சுத்தம் முக்கியம் என்றேன். சரி, படித்தவர் சொல்கிறார் என்று அடங்கிவிட்டார். மாமனாருக்குக் கண்ணாடியைக் காட்டினேன். வேலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மேலுதட்டில் ஒரு மயிர் மிச்சமில்லை, ஒரு கீறல் இல்லை. அதைப் பார்க்கத் தெரியாதவரிடம் காட்டியது என் தப்பு.

அக்கம்பக்கத்தில் எனக்கு நல்ல பேர். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்ய மாட்டான் என்றார்கள். கலைமதி எதிர்வீட்டுக்காரியிடம், "எங்கப்பா மேல அவருக்கு அம்புட்டு பாசம்" என்று சொல்வது என் காதில் விழுந்தது. பாசமாம். வருகிறவர்கள் எல்லோரும் என் குணத்தைப் பாராட்டினார்களே தவிர, அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தவர் ஒருத்தர் கிடையாது. பளிங்கு மாதிரி இருந்தது மேடம். பின்னாளில் காயமே படுவதில்லை. எதிர்த்து இழுத்தாலும் படிகாரம் அவருக்கு எரியவில்லை, முகம் சுளிக்காமல் இருந்ததை வைத்துச் சொல்கிறேன். அந்த ஜனங்களுக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை. கழுதைக்குக் கச்சேரி வைத்த கதைதான்.

தருமபுரியிலிருந்து கவிப்பிரியா என்ற பெண் வந்து அவருக்குக் கைகால் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாசக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஆ, ஊ என்று சத்தம் மட்டும் வரும். ஒருநாள் மத்தியானம் எல்லோரும் அறையில் இருந்தோம். அவள் அவருடைய தாடையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, மெதுவாச் சொல்லுங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கலைமதியைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு இழுத்தது. ஆனால் வார்த்தை தெளிவாக வந்தது.

"மாதேசன வரச் சொல்லு" என்றார்.

வீடே கிளம்பிவிட்டது. மாமியார் சாமி படத்தின் முன்னால் விழுந்தார். கலைமதி போனை எடுத்துக்கொண்டு, அப்பா பேசிட்டாரு, அப்பா பேசிட்டாரு என்று மாரண்டஹள்ளி சொந்தம்வரை சொல்லி அழுதாள். என்ன பேசினார் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நான் மட்டும் யோசித்தேன். என் கையில் இத்தனை நாள் இருந்த முகம் அது. இதற்காக நான் தண்ணீரைக் காய்ச்சி, சோப்பைக் குழைத்து, வாரில் கத்தியைத் தீட்டி, காலை டீயைக்கூட ஆறவிட்டிருக்கிறேன். வாய் திறந்ததும் அந்த வாய்க்குக் கேட்கத் தோன்றியது பாதி பிளேடுக்காரனை.

கலைமதி என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க தெனம் தாடைய நீவி நீவி செஞ்சதுலதான் வாய் வந்துக்கீது. கவிப்பிரியாவும் அப்படித்தான் இருக்கும்னு சொல்றா. மாதேசுக்குப் போன் பண்ணிட்டங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வராரு. நீங்க ஒரு நாளாச்சும் ரெஸ்ட் எடுங்க" என்றாள்.

சரி என்றேன்.

அவர் பேச ஆரம்பித்துவிட்டார், கையைக் கட்டியதையும் மற்றதையும் மாதேஷிடம் சொல்லிவிடுவார், அந்தப் பயத்தில் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். வக்கீல்களும் அப்படித்தான் சொல்வார்கள். அப்படி இல்லை. சொல்வதற்கு அங்கே என்ன இருக்கிறது. யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டு அந்த முகத்தைக் காட்டத் தயாராக இருந்தவன் நான். பழைய நக்கலுக்குப் பழி வாங்கினேன் என்றும் சொல்லாதீர்கள். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. கோபம் வருகிற அளவுக்கு அவரை நான் மதித்ததில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பித்தேன். மாதேஷ் வந்து தொடும்போது அங்கே அவனுக்கு வேலையே இருக்கக் கூடாது என்பதுதான் எண்ணம். முதலில் அவ்வளவுதான் எண்ணம். ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம் வந்தது. தண்ணீர் சரியான சூட்டில் இருந்தது. நுரை அன்றைக்கு வந்த மாதிரி என்றைக்கும் வந்ததில்லை. போக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை முடித்தேன். கத்தி போவதே தெரியவில்லை. இடது பக்கம் எதிர்த்தும் இழுத்து முடித்துவிட்டு, வலது பக்கம் மறுபடி நுரை போட்டேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"போதும் மாப்ள" என்றார்.

பேச்சு திரும்பிய பிறகு எனக்கென்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"இன்னும் ஒரு தரம் இருக்குதுங்க மாமா" என்றேன்.

"போதும். உட்ரு. அவன் வரட்டும்."

அவர் சத்தம் போடவில்லை, கெஞ்சவும் இல்லை. சந்தையில் வேண்டாத காயைத் தள்ளுவது போலச் சொன்னார். நான் நுரை வழிந்த அந்தக் கழுத்தைப் பார்த்தேன். எந்த இடத்தில் தோல் மெல்லிசு, எந்த இடத்தில் துடிக்கிறது என்று எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். கத்தியை வைத்தேன். மற்ற நாட்களில் அழுத்தாமல் இருப்பதுதான் வித்தை. அன்றைக்கு அழுத்தினேன்.

அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். இடது கை கட்டியிருந்தது. நான் துண்டை வைத்தேன். நிறுத்துவதற்காக இல்லை, மெத்தை கெட்டுவிடக் கூடாது என்று. அவர் அடங்கிய பிறகு வலது பக்கம் மிச்சம் இருந்ததை எதிர்த்து இழுத்து முடித்தேன். ஒரு பக்கம் அப்படியும் ஒரு பக்கம் இப்படியும் விட்டுவிட்டு எழுந்திருக்க எனக்கு மனசு வரவில்லை. பிரஷ்ஷைக் கழுவி, உதறி, மயிர் கீழே பார்க்கும்படி மாட்டினேன். ஈரத்தோடு விட்டால் அடி அழுகிப்போகும். கையை அவிழ்த்துவிட்டேன். பிறகு கத்தியைக் கீழே போட்டு, கலைமதி என்று கத்தினேன்.

திடீரென்று இருமிவிட்டார், கத்தி வழுக்கிவிட்டது என்றுதான் அவளிடம் சொன்னேன். உங்களிடமும் அதையே சொன்னேன். ரத்த மாத்திரைக்காரர், நின்றிருக்காது என்று பெரிய டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். உங்கள் ஆட்கள் வந்து கத்தியை மட்டும் கவரில் போட்டு எடுத்துப்போனார்கள். கழுவி மாட்டியிருந்த பிரஷ் அவர்கள் தலைக்கு நேராகத் தொங்கியது. பதறிப்போன மனுஷன் பிரஷ் கழுவுவானா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

இத்துடன் இது முடிந்திருக்கும். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் சுடுகாட்டில் ஒன்று நடந்தது.

பிள்ளை இல்லாத வீடு. மருமகனே பிள்ளை ஸ்தானம், அவர்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். கொள்ளி வைக்கிறவனுக்குத் தலையும் மீசையும் எடுக்க வேண்டும். எடுக்க வந்தவன் மாதேஷ். தண்ணீர்த் தொட்டியடியில் என்னைக் குத்துக்காலிட்டு உட்கார வைத்து, ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினான். சோப்பு இல்லை, துண்டு இல்லை. பாதி பிளேடைச் செருகி வறட்டென்று இழுத்தான். காதோரம் வெட்டிவிட்டான். ரத்தம் வந்தது, எச்சிலைத் தொட்டு வைக்கிற மாதிரி கட்டைவிரலால் தேய்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். அழுதுகொண்டே செய்தான் வேறு. ஊரே சுற்றி நின்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

மீசைக்கு வரும்போது என் காதருகில் குனிந்தான்.

"மனசுல வெச்சுக்காதீங்க சார். எனக்கும் தொழில் பழகின புதுசுல கை தவறிக்கீது. போகப் போகத்தான் சார் கை நிக்கும்."

புதுசில். போகப் போக. அந்தப் பாதி பிளேடுக்காரன் எனக்கு ஆறுதல் சொன்னான். பின்னால் நின்ற கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"பாரு, தொழில் தெரிஞ்சவன் கை எப்புடிப் போவுது. இவன் கையில உட்டிருந்தா அர்ச்சுனன் இன்னிக்கி உசுரோட இருந்திருப்பாரு. தெரியாத வேலையில மாப்ள கைய வெச்சுட்டாரு, பாவம்."

பாவம். அதற்கப்புறம் எங்கே போனாலும் அந்தப் பேச்சுதான். பால் ஊற்ற வந்தவர்கள், துக்கம் விசாரிக்க வந்தவர்கள், ஆலையிலிருந்து வந்தவர்கள் என்று ஒவ்வொருவரும் என் தோளைத் தட்டி, கை தவறிப்போச்சு, என்ன பண்றது என்றார்கள். பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டவனும் வந்து தட்டினான். கலைமதி என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இந்தக் கை வேணும்னா செஞ்சுது? தவறிப் போச்சுங்க. நான் ஒருநாளும் உங்களக் குத்தம் சொல்ல மாட்டேன்" என்று அழுதாள். மேடம், நான் சோறு தண்ணியில்லாமல் கிடந்ததை அவர்கள் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். அவமானம் என்று ஒருத்தருக்கும் விளங்கவில்லை. இந்த ஊரில் என் பேரன் காலம்வரை அந்தப் பேச்சு நிற்கும். தெரியாத வேலையில் கை வைத்து, தவறவிட்டு, மாமனாரைக் கொன்ற மடையன் என்று.

ஆகவே திருத்தம் இதுதான். எழுதிக்கொள்ளுங்கள். அவர் இருமவில்லை. அசையவில்லை. என் கை நடுங்கவில்லை, வழுக்கவில்லை, தவறவில்லை. எங்கே என்று பார்த்து, வேண்டும் என்று நினைத்து, ஒரே இழுப்பில் நான்தான் அறுத்தேன். டாக்டரின் அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். தவறின கை தாறுமாறாகக் கோடு போட்டிருக்கும். அங்கே ஒரே கோடுதான் இருக்கும், அதில் ஒரு பிசிறு இருக்காது. முகத்தில் வேறு எங்கேயும் ஒரு கீறல்கூட இருக்காது. அதையும் எழுதுங்கள். கொலை என்ற வார்த்தையை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் வீட்டுக்காரிக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். இன்னும் தெரியாது. நான் கிளம்பும்போது கருமாதிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெயிலுக்கு முன்னால் வந்துவிடுங்கள், களி கிண்டி வைக்கிறேன் என்றாள். நீங்கள் போன் செய்தால் அழுவாள், நம்ப மாட்டாள், கொஞ்ச நாள் என் முகத்தில்கூட விழிக்க மாட்டாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவளுக்கே புரியும். கை தவறினவன் பெண்டாட்டி என்று இனிமேல் அவளை ஒருத்தரும் சொல்ல முடியாது.